வனத்து அந்தோணியார் கையில் குழந்தை இயேசுவைக் கொடுக்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம். வனத்து அந்தோணியார் திருவிழாவுக்கு பஸ் ஸ்டாப்பில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். படத்தில் இருந்தவருக்கு மழித்த முகம், பழுப்பு அங்கி, கையில் குழந்தை இயேசு, கூடவே லீலி மலர். டிசைன் செய்த பையன் 'அந்தோணியார்' என்று தேடி முதலில் வந்த படத்தைப் போட்டுவிட்டான் போல. கொடியேற்றம் வரை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு பாட்டிதான் கேட்டார்: "பன்னிக்குட்டி எங்கப்பா?"

பாட்டி கேட்டது சரியான கேள்வி. நாம் 'கோடி அற்புதர்' என்று கூப்பிடும் பதுவை அந்தோணியார் 1195இல் லிஸ்பனில் பிறந்த போர்ச்சுகீசியர், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. இறந்தது 1231 ஜூன் 13. திருவிழாவும் அதே ஜூன் 13. வனத்து அந்தோணியார் அவருக்கு எண்ணூறு வருடத்துக்கும் மேல் மூத்தவர், எகிப்துப் பாலைவனத்தில் தவம் செய்தவர். நீண்ட தாடி, கைத்தடி, மணி, காலடியில் பன்றி, இவைதான் அவருக்கு அடையாளம். திருவிழா ஜனவரி 17. கால்நடைகளுக்குப் பாதுகாவலர் என்பதால் ரோமிலும் ஸ்பெயினிலும் அன்றைக்கு ஆடு, மாடு, நாய் எல்லாவற்றையும் மந்திரிக்க, அதாவது குருவிடம் ஆசீர் வாங்க, கொண்டுவருவார்கள்.

இதே குழப்பம் சின்னப்பரிலும் உண்டு. பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் 'சிறியவர்' என்று பொருள், அதனால்தான் நம் பெரியவர்கள் சின்னப்பர் என்றார்கள். வாளும் புத்தகமும் ஏந்தி நிற்பவர் அப்போஸ்தலர் சின்னப்பர். ஜூன் 29இல் இராயப்பரோடு (பேதுரு) சேர்த்து அவருக்குத் திருவிழா. வனத்துச் சின்னப்பர் வேறு ஆள். ஓலை உடுத்திய தவசி, அப்பம் கொண்டுவரும் காகத்தோடு இருப்பார். இந்த வனத்துச் சின்னப்பரை வனத்து அந்தோணியார் தேடிப் போய்ப் பார்த்ததாக ஒரு பழைய கதை உண்டு. காகம் தினமும் அரை அப்பம்தான் கொண்டுவருமாம், விருந்தாளி வந்த அன்று மட்டும் முழு அப்பம்!

குதிரையில் யாரைக் கண்டாலும் ஜார்ஜியார் என்று சொல்லிவிடாதீர்கள். கீழே பறவைநாகம் (டிராகன்) கிடந்தால்தான் அவர். வாளோடு குதிரையில் வருபவர் சந்தியாகப்பராக, அதாவது அப்போஸ்தலர் யாக்கோபாக இருக்கலாம். அவர் பெயரிலேயே 'புனித' ஒட்டியிருப்பது பலருக்குத் தெரியாது. சாந்த் யாகு என்ற போர்ச்சுகீசியப் பேச்சுதான் சந்தியாகு ஆனது. சென்னையின் சாந்தோமும் அப்படித்தான், சாந்த் என்றால் புனிதர், தோமே என்றால் தோமையார். பழகிப்போனதால் 'புனித சந்தியாகப்பர்' என்று எழுதினால் குற்றமில்லை, 'புனித சாந்தோம் சர்ச்' என்பது மட்டும் எனக்குக் காதில் இடிக்கும்.

யூதா ததேயு கோயிலுக்குப் போகிறேன் என்றால், "காட்டிக்கொடுத்தவனுக்கா கோயில்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காட்டிக்கொடுத்தவன் யூதாஸ் இஸ்காரியோத்து. ததேயு இன்னொரு அப்போஸ்தலர், கைவிட்ட காரியங்களுக்குப் பாதுகாவலர். அக்டோபர் 28 அவர் நாள்.

வாழ்த்துச் செய்தியில் அடிக்கடி வரும் தவறு ஒன்று உண்டு. டிசம்பர் 3 வந்தால் 'சவேரியார் பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று அனுப்புகிறார்கள். அன்றுதான் 1552இல் அவர் சீனக் கரைக்குப் பக்கத்தில் சான்சியான் தீவில் உயிர்விட்டார். புனிதர்களுக்கு இறந்த நாள்தான் பெரும்பாலும் திருவிழா, அது விண்ணகப் பிறப்பு என்பது திருச்சபையின் கணக்கு. மண்ணில் பிறந்த நாளையும் கொண்டாடுவது இயேசுவுக்கும், மாதாவுக்கும் (செப்டம்பர் 8), திருமுழுக்கு யோவானுக்கும் (ஜூன் 24) மட்டும்தான்.

அப்புறம் இந்தப் 'பேராலயம்'. தமிழில் பசிலிக்காவுக்கும் கதீட்ரலுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொண்டோம். ஆயரின் (பிஷப்) இருக்கை இருக்கும் கோயில்தான் கதீட்ரல். பசிலிக்கா என்பது போப்பாண்டவர் தரும் சிறப்புப் பட்டம். வேளாங்கண்ணி 1962இல் பசிலிக்கா ஆனது, ஆனால் அந்த மறைமாவட்டத்துக்கு (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) கதீட்ரல் தஞ்சாவூர் திரு இருதய ஆலயம். தூத்துக்குடியிலும் பனிமய மாதா கோயில் பசிலிக்கா, கதீட்ரல் வேறு. சாந்தோம் இரண்டும்தான். ரோமிலேயே போப்பாண்டவரின் கதீட்ரல் வத்திக்கான் இராயப்பர் கோயில் இல்லை, லாத்தரன் அருளப்பர் (யோவான்) கோயில்.