விண்டோஸ் 11-க்கு மாற்றும்போது பழைய லேப்டாப் அடம்பிடிக்கும் இடம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் இருந்தும் 'இந்தக் கணினி தகுதி பெறவில்லை' என்று வந்தால், பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், கணினியின் அடிப்படை செட்டிங்ஸ்) தான் வேலை. அதற்கும் பழைய மெஷின் என்றால் வம்பு வேண்டாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுவிடுங்கள்.

முதலில் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். பிறகு ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' தேடித் திறந்து, 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள்.

யூஈஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால், செட்டிங்ஸில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆனில் உள்ளதா பாருங்கள். ஆனில் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸில் மாற்றம் செய்தால் அடுத்த பூட்டில் அதைக் கேட்கலாம்.

லெகசி (பழைய பூட் முறை) என்றிருந்தால் பயாஸில் நேராக யூஈஎஃப்ஐ ஆக்கிவிடாதீர்கள், பூட் ஆகாது. முதலில் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பை எம்பிஆர் என்ற பழைய முறையிலிருந்து ஜிபிடி என்ற புதிய முறைக்கு ஆக்க வேண்டும். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி போதும். காசு கேட்கும் பார்ட்டிஷன் மென்பொருள் எதற்கு? கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து முதலில் 'வேலிடேட்', அது தேறினால் மட்டும் 'கன்வெர்ட்'; இரண்டோடும் 'அலோஃபுல்ஓஎஸ்' சேர்க்க வேண்டும் (mbr2gpt /validate /allowFullOS, பிறகு mbr2gpt /convert /allowFullOS).

வேலிடேட் தோற்பதற்கு வழக்கமான காரணம், கடையில் சி, டி, இ என்று பிரித்துக் கொடுத்திருப்பது. விண்டோஸ் தனக்கென வைத்துக்கொள்ளும் 'சிஸ்டம் ரிசர்வ்ட்' பார்ட்டிஷனும் சேர்ந்து நாலாகிவிடும். கருவியோ மூன்று பிரைமரி பார்ட்டிஷன்தான் ஏற்கும், லாஜிக்கல் (இன்னொரு பார்ட்டிஷனுக்குள் இருக்கும் உட்பிரிவு) என்றால் அதுவும் ஆகாது. இ-யில் உள்ளதை வெளியே நகலெடுத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இ பார்ட்டிஷனையே அழியுங்கள். பச்சை நிறத்தில் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று நின்றால் அதையும் அழிக்க வேண்டும்; 'அன்அலோகேட்டட்' என்று கறுப்புப் பட்டை வந்தால்தான் சரி. பிறகு மறுபடி வேலிடேட், கன்வெர்ட்.

அதன்பின் பயாஸில் யூஈஎஃப்ஐ, செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் பூட் செய்ய விடுவது), டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) மூன்றையும் ஆன் செய்யுங்கள். டிபிஎம், இன்டெலில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும்.

இனி மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் மென்பொருளை ஓட்டுங்கள். புதிதாகச் செய்பவர்களுக்குப் பென்டிரைவை விட இதுவே நல்லது. ஃபைல்களும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். டவுன்லோடு 4 ஜிபியைத் தாண்டும், தினசரி 2 ஜிபி பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டால் நடுவழியில் நிற்கும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், நாகர்கோவிலில் ஃபைபர் உள்ள வீட்டில் உட்கார்ந்து முடிப்பதே மேல். ஐப்பசி மழையில் ரப்பர் கொப்பு லைனில் விழுந்து கரண்ட் போகும் ஊர்களில், பேட்டரி செத்த லேப்டாப்பை இன்வெர்ட்டர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் 'கோ பேக்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் 'முந்தைய விண்டோஸ்' என்பதை டிக் செய்யாதீர்கள். இடம் கிடைக்கும், திரும்பும் வழி போய்விடும்.