கையில் ஏதோ வாடை: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

வாரத்தில் 2 நாள் வேலை விஷயமாகச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய்வருகிறேன். சில மாதங்களுக்கு முன்பு, வீடு திரும்பும்போதெல்லாம் கையில் ஒரு வாடை. கழுவினால் போய்விடும், அடுத்த முறை திரும்ப வந்துவிடும். மிளகு மூட்டையைத் தொட்டதாலா, காபிக்கொட்டையாலா என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். ஒழுங்காகத் தேடியபோது மூன்றே பயணத்தில் விடை கிடைத்தது. அந்த முறைதான் இது.

படி 1: வாடைக்குப் பெயர் வையுங்கள்

"கை நாறுது" என்றால் ஒரு துப்பும் கிடைக்காது. நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? கவிச்சி என்றால் மீன், முட்டைப் பக்கம் தேடலாம். சிக்கு வாடை என்றால் பழைய எண்ணெய். பூசண வாடை என்றால் காயாத துணி. புளித்த வாடை என்றால் மாவு; ஜவ்வரிசி ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மரவள்ளி புளித்த வாடையும் நன்றாகவே தெரியும். மிளகாய் என்றால் கமறும். என்னுடையது, பழைய காசை வெகுநேரம் பொத்தி வைத்திருந்த கை மாதிரி. இதைச் சொல்லிப் பார்த்ததுமே மிளகும் காபியும் பட்டியலிலிருந்து கழன்றுவிட்டன.

விடாமல் முகராதீர்கள். மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது. இரண்டு முறை முகர்ந்துவிட்டு, முழங்கை மடிப்பையோ வெறும் காற்றையோ முகர்ந்து கொஞ்சம் பொறுங்கள்.

படி 2: எந்த இடம்?

விரல் நுனியா, உள்ளங்கையா, நகக்கண்ணா, மோதிரத்துக்கு அடியிலா, வாட்ச் பட்டைக்குக் கீழேயா? ஒரு கையா, இரண்டுமா? பூண்டு உரித்தால் விரல் நுனியில்தான் நிற்கும். மோதிரத்துக்கு அடியில் மட்டும் என்றால் அங்கே சோப்பும் ஈரமும் தேங்கியிருக்கும். கழற்றித் தேய்த்தால் தீர்ந்தது. எனக்கு இரண்டு கையிலும், விரல்கள் மடங்கும் இடத்தில். எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

படி 3: கையைச் சுத்தமாக்கித் தொடங்குங்கள்

வாசனை அதிகமில்லாத சோப்பால் நகக்கண் வரை கழுவி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். முகருங்கள். வாடை இல்லையென்றால், இப்போது வழக்கமான துண்டில் துடைத்துவிட்டு மறுபடி முகருங்கள். வாஷ்பேசின் பக்கத்தில் நாள்கணக்கில் தொங்கும் ஈரத்துண்டில் கிருமிகள் பெருகி நாறும். கழுவிய கையில் அதையே பூசிக்கொள்வோம். "எத்தனை தடவை கழுவினாலும் போகலை" என்பவர்கள் முதலில் இந்தத் துண்டைத்தான் பிடிக்க வேண்டும். நானும் பிடித்தேன், ஆனால் எங்கள் வீட்டுத் துண்டு நிரபராதி.

படி 4: தொட்டதை எழுதுங்கள்

இரண்டு மூன்று நாள் போதும். மணி, தொட்ட பொருள், வாடை உண்டா இல்லையா, அவ்வளவே. என் குறிப்பில் ஏற்காடு போகாத நாளில் வாடையே இல்லை. போன நாளிலும், தோட்டத்துக்குள் நுழையும் முன்பே, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இருந்தது.

படி 5: ஒரு கையை மூடி, ஒரு கையைத் திறந்து

எனக்கு மிகவும் பிடித்த படி. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு முன்சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடிக்காவிட்டால் பக்கத்து ஆள் மடியில்தான் உட்கார வேண்டும். அந்தக் கம்பியில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளவென்று தெரிந்தது. இடது கையில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டேன், வலது கை வெறுங்கை. மேலே போய் இறங்கியதும் முகர்ந்தேன். வலது கையில் காசு வாடை, இடது கையில் இல்லை. திரும்பும்போது கையை மாற்றினேன், வாடையும் கை மாறியது. இப்படி மாற்றிப் பார்க்காமல் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை, அது இரும்பின் வாடையே இல்லை. இரும்பு ஆவியாகி மூக்குக்கு வராது. 2006இல் கிளிண்டமன் என்ற ஜெர்மானிய வேதியியலாளரும் குழுவினரும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வியர்வை பட்டுக் கரையும் இரும்பு, தோலில் ஏற்கெனவே காற்றுப்பட்டுக் கெட்டிருக்கும் கொழுப்பைச் சிதைக்கிறது. அப்போது பிறக்கும் 1-ஆக்டீன்-3-ஒன் போன்ற பொருள்கள்தான் அந்த வாடை. அதாவது நாறியது என் தோல், கம்பி வெறும் தூண்டுகோல். வளைவில் பயந்து கை வியர்க்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

எதையும் தொடாமலே வாடை வந்தால் உடம்புப் பக்கம் பாருங்கள். வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் வியர்வையிலேயே அந்த மணம் வரும். விரலிடுக்கில் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு இருந்தாலோ, வியர்வை முழுக்க மீன் கவிச்சி அடித்தாலோ, மற்றவர்களுக்குத் தெரியாத வாடை உங்களுக்கு மட்டும் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை என்றால் கழுவும்வரை அடுப்பங்கரைக்குள் போக வேண்டாம்.

நான் இப்போது பையில் இரண்டு கர்ச்சீப் வைத்திருக்கிறேன், ஒன்று முகத்துக்கு, ஒன்று கம்பிக்கு. கலந்துவிடாமல் இருக்க, கம்பிக்கானது நீலக் கட்டம் போட்டது.