கார் இன்சூரன்ஸ்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது (வடசென்னை வண்டிக்காரர்களுக்கு)

ரினிவல் நோட்டீஸ் வந்தால் எல்லோர் கண்ணும் அடியில் இருக்கும் மொத்தத் தொகைக்குத்தான் போகும். போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால் ஏஜெண்டிடம் சண்டை, குறைந்திருந்தால் உடனே பணம் கட்டிவிடுவது. ஆனால் அந்தத் தொகை இரண்டு தனிக் கணக்குகளின் கூட்டு. ஒன்றில் தலைகீழாக நின்றாலும் ஒரு ரூபாய் குறையாது. பேரம், தள்ளுபடி, ஏமாற்று எல்லாம் மற்றதில்தான்.

குறையாத பாதி

முதல் கணக்கு தேர்ட் பார்ட்டி. உங்கள் வண்டி அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கானது. மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவின்படி இது கட்டாயம். இல்லாமல் மாட்டினால் முதல் தடவை ரூ.2,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. அடுத்த தடவை அபராதம் ரூ.4,000. இதன் விலையை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த விகிதப்படி 1,000 சிசி வரையுள்ள சொந்த உபயோகக் காருக்கு ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. 998 சிசி வேகன் ஆர் முதல் வரிசை, 1,197 சிசி ஸ்விஃப்ட் இரண்டாவது, இன்னோவா மூன்றாவது. 30 கிலோவாட் வரையுள்ள மின்சாரக் காருக்கு ரூ.1,780, 65 கிலோவாட் வரை ரூ.2,904. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே விலைதான். "எங்களிடம் தேர்ட் பார்ட்டி பாதி விலை" என்று ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் யாராவது சொன்னால், கையில் வரப்போவது டூப்ளிகேட் பாலிசி.

இந்தப் பகுதியில் ஒரு வரி மட்டும் கவனிக்க வேண்டியது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீடு. அதே அளவுக்குத் தனியாக விபத்து பாலிசி ஏற்கெனவே வைத்திருந்தால், அதை எழுதிக் கொடுத்து இந்த வரியை எடுக்கச் சொல்லலாம்.

பேரம் நடக்கும் பாதி

இரண்டாவது கணக்கு ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கான சேதம். இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறோம். இதற்கு அடிப்படை ஐடிவி, வண்டியின் இன்றைய மதிப்பு. புது விலையிலிருந்து ஆறு மாதத்துக்குள் 5%, ஒரு வருஷத்துக்குள் 15%, பிறகு வருஷக் கணக்கில் 20, 30, 40, ஐந்தாம் வருஷம் 50% கழியும். அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது.

அந்த மதிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான் பிரீமியம். நாட்டையே இரண்டு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை உட்பட எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம், விகிதம் கூடுதல். டிஎன் 03, 04, 05 எல்லாமே இதில் வரும். 1,000-க்கு மேல் 1,500 சிசி வரையுள்ள கார், வயது ஐந்தைத் தாண்டியது என்றால் பழைய கட்டணப் பட்டியலில் 3.447%. 2007-இல் கட்டண நிர்ணயம் எடுக்கப்பட்ட பிறகு, இந்த எண்ணின் மேல் எவ்வளவு தள்ளுபடி கொடுப்பது என்பது கம்பெனியின் இஷ்டம். ஒரே வண்டிக்கு நாலு கம்பெனி நாலு விலை சொல்வது இதனால்தான்.

ஆறு வயது ஸ்விஃப்ட், ஐடிவி ரூ.4,00,000 என்று வைத்துக்கொள்வோம். 3.447% என்றால் ரூ.13,788. கம்பெனி 70% தள்ளுபடி தருகிறது: ரூ.4,136. ஐந்து வருஷம் கிளைம் இல்லாததால் நோ கிளைம் போனஸ் 50%: ரூ.2,068. ஆட்-ஆன்கள் (தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்புகள்) ரூ.1,500. தேர்ட் பார்ட்டி ரூ.3,416. கூட்டினால் ரூ.6,984. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.8,241. உங்கள் நோட்டீஸை எடுத்து இதே வரிசையில் எழுதிப் பாருங்கள். தள்ளுபடி சதவீதம் எவ்வளவு என்று வெளியே வரும். அடுத்த கம்பெனியிடம் கேட்க வேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

புது வண்டி வாங்கும்போது தேர்ட் பார்ட்டியை மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கட்டியிருப்பீர்கள். இரண்டாம், மூன்றாம் வருஷம் ஓன் டேமேஜ் மட்டும் தனியாக எடுத்தால் போதும், அதை வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். ஷோரூம் சொல்லும் விலையோடு நிற்காமல் இரண்டு கம்பெனியின் இணையதளத்திலும், விலையை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்திலும் அதே ஐடிவி, அதே ஆட்-ஆன் போட்டுப் பாருங்கள். ஐடிவி வேறு வேறாக இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

"சார், ஐடிவியைக் கொஞ்சம் இறக்கிடலாம், பிரீமியம் குறையும்" என்பார்கள். எவ்வளவு குறையும்? மேலே சொன்ன ஸ்விஃப்டில் ரூ.50,000 இறக்கினால் மிச்சமாவது ஜிஎஸ்டியோடு சுமார் ரூ.305. வண்டி திருட்டுப் போனால் கைக்கு வருவதில் போவது முழு ஐம்பதாயிரம். அதோடு முடியவில்லை. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ரிப்பேர் செய்யாமல், ஐடிவி கணக்கில் பணத்தைக் கொடுத்து வண்டியை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். தண்ணீர் புகுந்த வண்டியில் வயரிங், ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்), சீட், ஏசி என்று எஸ்டிமேட் ஏறும் வேகத்துக்கு, இறக்கி வைத்த ஐடிவி அந்தக் கோட்டைச் சீக்கிரமே தொட்டுவிடும்.

வாலண்டரி டிடக்டபிளும் அப்படித்தான். கிளைமில் முதல் ரூ.2,500-ஐ நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், பழைய பட்டியலில் 20% கழிவு, உச்சவரம்பு ரூ.750. ஓன் டேமேஜே இரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்ட வண்டிக்கு அது சில நூறுதான். ஐடிவி பெரிதாக உள்ள புது வண்டிக்கு மட்டும் யோசிக்கலாம்.

போனஸைக் காப்பாற்றுவது

நிஜமான மிச்சம் நோ கிளைம் போனஸில் இருக்கிறது. கிளைம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே ஒரு கிளைம், பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

பம்பர் உடைந்தது என்று வையுங்கள். புது பம்பர் ரூ.3,000, பெயிண்ட் ரூ.2,400, மாட்டும் கூலி ரூ.400, ஆக ரூ.5,800. பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் தருவார்கள்: 1,500. பெயிண்டில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள்: 2,100. கூலி முழுசாக. மொத்தம் 4,000. அதில் கட்டாய டிடக்டபிள் 1,000 போனால் (1,500 சிசிக்கு மேல் என்றால் 2,000) கைக்கு வருவது ரூ.3,000. அந்த மூவாயிரத்துக்காக அடுத்த வருஷம் 2,068-க்குப் பதில் 4,136 கட்ட வேண்டும். அதற்கடுத்த வருஷம் 20 சதவீதத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். 50-ஐத் திரும்பத் தொடும் வரை கூடுதலாகக் கட்டுவதைக் கூட்டினால் ஐயாயிரத்தைத் தாண்டும். வருஷா வருஷம் ஐடிவி இறங்குவதால் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். இந்த மாதிரி வேலைக்குக் கைக்காசு போட்டு டிங்கரிங் பார்த்துக்கொள்வதே லாபம்.

போனஸ் போக இன்னொரு வழி தேதியை மறப்பது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் போனஸ் நிற்கும், அதன் பிறகு போய்விடும். அந்த 90 நாளில் பாதுகாப்பு உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் தாண்டினாலும் வண்டி வெறும் வண்டிதான், திரும்ப ஃபுல் இன்சூரன்ஸ் எடுக்க வண்டியைக் காட்டி இன்ஸ்பெக்ஷன் முடிக்க வேண்டும். போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். காரை விற்கும்போது கம்பெனியிடம் என்சிபி (நோ கிளைம் போனஸ்) கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். கிளைம் வாங்கியதை மறைத்து போனஸ் கேட்காதீர்கள். கம்பெனிகள் ஒன்றுக்கொன்று விசாரித்துக்கொள்ளும், பெரிய கிளைம் வரும்போது அதைக் காட்டியே மறுப்பார்கள்.

மழை

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம், கொருக்குப்பேட்டை பக்கம் வண்டி நிறுத்துபவர்கள் இங்கே நின்று படிக்க வேண்டும். 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் கற்றுக்கொடுத்த பாடம் இது. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸில் வெள்ளம் உண்டு. ஆனால் சாதாரண ஃபுல் இன்சூரன்ஸில் இன்ஜினுக்கான கிளைம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

காரணம் இதுதான். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீரில் வண்டி ஆஃப் ஆகிறது. காற்று இழுக்கும் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்கிறோம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டனுக்கு இடமில்லாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இதை வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமாக எடுக்காமல், பிறகு நீங்கள் செய்ததால் வந்த தொடர் சேதம் என்று, சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் எழுதுவார். அதற்குத்தான் இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன். வடசென்னையில் மற்ற எந்த ஆட்-ஆனை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு நடுவில் சேர்க்க முடியாது, பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான். உங்கள் ரினிவல் பிப்ரவரி என்றால், வெயில் காய்ந்தாலும் அக்டோபரை நினைத்து அப்போதே போட வேண்டும்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். ஆட்-ஆன் இருந்தாலும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தது தெரிந்தால் கிளைமில் சிக்கல் வரும். தள்ளி மேட்டுக்குக் கொண்டு வாருங்கள். கதவில் தண்ணீர் ஏறிய கோடும் நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், தண்ணீர் வடிவதற்குள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளைம் நம்பர் வாங்குங்கள். பிறகு வண்டியைத் தூக்கி ஏற்றிப் போகிற டோயிங் வண்டி. சர்வேயர் பார்க்கும் முன் தெரு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துவிட்டால் கிளைம் அங்கேயே தொங்கிவிடும்.

டிரெய்லர் உரசினால்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலி ரோட்டிலும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் ஓட்டுபவர்களுக்குக் கண்ணாடி, பம்பர், ஹெட்லைட் போவது சகஜம். தப்பு லாரிக்காரர் மேல் இருந்தாலும் அவர் இன்சூரன்ஸிலிருந்து பணம் வாங்க வழக்கு, தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும். நடைமுறையில் நம் பாலிசியில்தான் போடுகிறோம், நம் போனஸ்தான் போகிறது. உடைவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் என்பதால் பாதிப் பணம் வெட்டுப்படும். அந்த வெட்டை நிறுத்துவது ஜீரோ டெப்ரிசியேஷன், பேச்சுவழக்கில் பம்பர் டு பம்பர். ஐந்து வயதுக்குள் உள்ள வண்டிக்குப் போடலாம், வருஷத்தில் எத்தனை கிளைமுக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பலவற்றில் இரண்டுதான். காசிமேடு, ராயபுரம் உப்புக் காற்றில் அடித்தட்டு துருப்பிடிப்பதற்கு எந்த ஆட்-ஆனும் கிடையாது.

பத்து வருஷம் தாண்டிய வண்டி, ஐடிவி லட்சத்துக்குக் கீழ் என்றால் கணக்கு மாறும். இன்ஜின் புரொடெக்டும் ஜீரோ டெப்பும் பெரும்பாலும் தரமாட்டார்கள், இரும்பு பாகங்களுக்கே பாதி கழிப்பார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை ரிப்பேருக்கு ஒதுக்கி வைப்பது தவறில்லை.

கிளைம் கவிழும் இடங்கள்

வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவது முதல் இடம். சவாரியின்போது அடிபட்டால் பணம் வராது. வெளியில் மாட்டிய கேஸ் கிட் ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற வேண்டும். கிட் விலையில் 4 சதவீதமும் தேர்ட் பார்ட்டியில் 60 ரூபாயும்தான் கூடும், மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் அதையும் காட்டி மறுப்பார்கள். பழைய கார் வாங்கினால் பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், பழைய ஓனரின் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

பணம் கட்டும் முன் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் (கிளைம் பணத்தைக் கம்பெனியே நேராகக் கட்டிவிடும் ஒர்க்‌ஷாப்கள்) உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள், 600081 அல்லது 600019. பக்கத்தில் ஒன்றும் இல்லை என்றால் முழுப் பணத்தையும் நீங்கள் கட்டி, ஜிஎஸ்டி பில்லோடு பிறகு திரும்பக் கேட்க வேண்டும். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பாகத்தின் துண்டுச்சீட்டு அங்கே செல்லாது. பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல் கம்பெனிக்கே கட்டுங்கள். சில நாள் கழித்து எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, கம்பெனி பெயரும் முடியும் தேதியும் சரியா என்று பாருங்கள்.

கிளைமை மறுத்தால் காரணத்தைப் பாலிசி விதி எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையிலேயே இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிப்பவர்) அலுவலகத்தில் ஒரு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம், சர்வே ரிப்போர்ட், எஸ்டிமேட், அன்றைக்கு எடுத்த போட்டோக்கள் நான்கும் கையில் இருக்கட்டும். சர்வே ரிப்போர்ட் நகலைக் கம்பெனியிடமே கேட்டு வாங்கலாம்.