வஞ்சிரம் முள்ளுல இருந்து மாடித்தோட்டத்துக்கு கால்சியம் பாஸ்பேட் எடுக்குறது எப்படி

ஞாயித்துக்கெழம காசிமேட்டுல மீன் வாங்கினா மதியம் தட்டுல ஒரு கை முள்ளாவது மிஞ்சும். நான் மொதல்ல அத அப்டியே இடிச்சு தக்காளி தொட்டில பொதைச்சேன், ராத்திரியே பூனை வந்து மொத்தத்தையும் நோண்டிப் போட்டுடுச்சு, மிச்சம் இருந்ததும் ரெண்டு மாசம் கழிச்சு கிளறிப் பாத்தா போட்டது போட்டபடியே கெடக்குது.

ஏன்னா முள்ளு, எலும்பு, பல்லு எல்லாத்துலயும் இருக்கறது ஹைட்ராக்சிஅபடைட்னு ஒரு வகை கால்சியம் பாஸ்பேட், 10 கால்சியத்துக்கு 6 பாஸ்பேட்னு இறுக்கமா கட்டிக்கினு நிக்கும், தண்ணில கரையறதே இல்லன்னு சொல்லலாம். கரைஞ்சா நம்ம பல்லு வாய் கொப்பளிச்சே போயிருக்கும். ஆனா புளிப்பு பட்டா எளகிடும், வாயில பிஹெச் (புளிப்போட அளவு, நம்பர் கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தி) 5.5க்கு கீழ எறங்குனாலே பல்லு எனாமல் கரைய ஆரம்பிக்குது இல்ல, அதான் கதை. கார மண்ணுல எலும்புத்தூள் போட்டு பிரயோஜனம் இல்லாததும் இதனாலதான்.

சரி வேலைக்கு வருவோம். வஞ்சிரம் நடுமுள்ளு நல்லா கெட்டியா இருக்கும், கோழி எலும்பும் ஓகே, கருவாட்டு முள்ளு மட்டும் வேணாம், உப்பு செடிய கொன்னுடும். சதை இல்லாம கழுவி வெயில்ல காய வெச்சு மொட்டை மாடில கரி அடுப்புல சுடுங்க, கிச்சன்ல பண்ணா நாத்தத்துல வீட்டுக்காரம்மா உங்களயும் சேத்து வெளிய அனுப்பிடுவாங்க. மொதல்ல கருப்பாகும், அப்புறம் சாம்பல் கலர் வரும், கையால ஒடைச்சா டப்புனு ஒடையணும், அதோட நிறுத்திடுங்க. பால் வெள்ளையா வரணும்னு ரொம்ப போட்டு எரிச்சா படிகம் இன்னும் கெட்டியாகி கரையறதுக்கு லேட்டாகும்.

இப்போ 50 கிராம் சுட்ட முள்ளுக்கு அரை லிட்டர் வெள்ளை வினிகர். கண்ணாடி பாட்டில்ல போட்டதும் குட்டி குட்டியா நுரை ஏறும், அது முள்ளுல கொஞ்சமா இருக்கற கார்பனேட் பண்ற வேலை, பாஸ்பேட் சத்தமே இல்லாம கரையும். மூடிய டைட் பண்ணாதீங்க, துணி கட்டுனா போதும். ஒரு வாரம் பத்து நாள்ல வடிகட்டிடலாம். ராணிப்பேட்டைல 1906லயே சூப்பர் பாஸ்பேட், அதாவது கரையாத பாஸ்பேட்ட ஆசிட் போட்டு கரையற மாதிரி மாத்துன உரம், பண்ற ஆலை வந்துடுச்சு, அங்க சல்ஃபூரிக் ஆசிட் பண்ண வேலைய இங்க வினிகர் மெதுவா பண்ணுது, அந்த ஆசிட்ட வீட்ல ட்ரை பண்ற ஐடியா யாருக்காவது இருந்தா விட்ருங்க.

கரைஞ்சுதான்னு டவுட்டா? வெத்தலைக்கு போடற சுண்ணாம்ப தண்ணில கலக்கி தெளிய விட்டு, மேல் தண்ணிய எடுத்து ஒரு டம்ளர்ல நம்ம கரைசல் கொஞ்சம் ஊத்தி அதுல சேத்துக்கினே வாங்க. புளிப்பு செத்ததும் மோர் மாதிரி வெள்ளையா கலங்கும், கொஞ்ச நேரத்துல பஞ்சு பஞ்சா அடில எறங்கும். அதான் கால்சியம் பாஸ்பேட் திரும்ப வந்து ஒக்காருது, எனக்கு இந்த முழு வேலைலயும் ரொம்ப புடிச்சது இதான்.

செடிக்கு 5 லிட்டர் தண்ணில 5 மில்லி, அதாவது மருந்து பாட்டில் மூடி ஒண்ணு, தக்காளியும் மொளகாயும் பூ எடுக்கற சமயத்துல சாயங்காலமா வேர்ல ஊத்துங்க. பாட்டில் அடில தங்குன கருப்புத் தூள தூக்கிப் போட வேணாம், இன்னொரு தடவ வினிகர் ஊத்துனா இன்னும் கொஞ்சம் எறங்கும்.