நவநாஜிக் கும்பலை விட்டு வருபவருக்குத் துணை நிற்பது எப்படி?

ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ பதினைந்து, பதினாறு வயதில், ஹிட்லரின் நாஜிக் கொள்கையை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் நவநாஜிக் கும்பலுக்குள் போன ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வெளியே வர நினைக்கும்போது அவனுடைய நண்பர்கள், காதலி, சனிக்கிழமைக் கச்சேரிகள், சில சமயம் வேலையும் குடியிருக்கும் அறையும்கூட அந்தக் கும்பல் வழியாக வந்தவையாகத்தான் இருக்கும். விலகினால் அத்தனையும் ஒரே வாரத்தில் போய்விடும், துரோகி என்ற பட்டமும் மிரட்டலும் மட்டும் கூடவே வரும். அவனுடைய அக்காவாக, பழைய ஆசிரியராக, முதலாளியாக, பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் இன்னும் உள்ளே இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள், அது போதும். 2011-ல் ஜெர்மனியின் கேரா நகரில் நடந்த தீவிர வலதுசாரிகளின் ராக் விழாவில், இப்படி வெளியே வருபவர்களுக்கு உதவும் எக்ஸிட்-டாய்ச்லாந்து என்ற அமைப்பு, யார் கொடுத்தது என்று தெரியாதபடி 250 டி-ஷர்ட்டுகளை இலவசமாகக் கிடைக்கச் செய்தது. மேலே அவர்களுக்குப் பிடித்த மண்டை ஓட்டுப் படம். வீட்டுக்குப் போய்த் துவைத்ததும் அந்தச் சாயம் கரைந்து, உன் டி-ஷர்ட்டால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம் என்ற வாசகம் தெரிந்தது. நீங்கள் டி-ஷர்ட் அச்சடிக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாள் வாழ்த்து அனுப்புங்கள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சரி, வந்துவிட்டார். முதல் வேலை பாதுகாப்பு. வெளியேறிவிட்டேன் என்று ஃபேஸ்புக்கில் அறிவிக்கச் சொல்லாதீர்கள், பழைய அறையில் இருக்கும் சாமான்களை எடுக்க நீங்களே கிளம்பிப் போகாதீர்கள். தொலைபேசி எண்ணை மாற்றலாம். ஜெர்மனியில் உயிருக்கு ஆபத்து இருப்பதைக் காட்டினால், அவருடைய முகவரியை வெளியாருக்குத் தராதபடி, குடியிருப்பவர்களின் முகவரியைப் பதியும் அலுவலகத்தில் தடை வாங்க முடியும். இதையெல்லாம் தனியாகச் செய்யத் தேவையில்லை. முன்னாள் போலீஸ் அதிகாரி பெர்ன்ட் வாக்னரும், முன்பு நவநாஜித் தலைவராக இருந்த இங்கோ ஹாசல்பாக்கும் 2000-ல் தொடங்கியதுதான் மேலே சொன்ன அமைப்பு. இந்த வேலையே அவர்களுக்குத் தொழில். முதல் நாளே கூப்பிடுங்கள்.

அதே முதல் நாளில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: யாரையாவது தாக்கப் போவதாகத் தெரிந்தால் போலீஸிடம் போவேன், அந்த ரகசியத்தை மட்டும் காக்க மாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் அது நம்பிக்கைத் துரோகமாகப் படாது.

அப்புறம் வாதம். யூதர்களைப் பற்றியும் குடியேறிகளைப் பற்றியும் அவர் இன்னும் கேவலமாகப் பேசக்கூடும், கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் வாதாடுவது அவருக்கு அங்கே பழக்கப்பட்ட வேலை, அந்தக் களத்தில் அவர்தான் பலசாலி. வன்முறையை விடுவதும் நம்பிக்கையை விடுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை, பெரும்பாலும் முதலாவது முன்னால் போகும், இரண்டாவது மெதுவாகத்தான் பின்னால் வரும். 1998-ல் ஸ்வீடனில் முன்னாள் நவநாஜி ஒருவரே தொடங்கிய எக்ஸிட் அமைப்பும் அப்படித்தான் வேலையைப் படிகளாகப் பிரித்துக்கொண்டது. விலகுவது, வீடு, வேலை, வருமானம் என்று காலூன்றுவது எல்லாம் முன்னால். செய்ததை உட்கார்ந்து யோசிப்பது அதற்குப் பிறகு.

ஆகவே வாடகை, கடன், பாக்கி இருக்கும் அபராதம், கோர்ட் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக முடியுங்கள். பச்சை குத்தியிருப்பதை மறக்க வேண்டாம். ஜெர்மனியில் நாஜிகளின் சின்னமான ஸ்வஸ்திகாவை வெளியில் தெரியும்படி காட்டுவது குற்றம், பிள்ளையை நீச்சல் குளத்துக்குக்கூட அழைத்துப் போக முடியாது. அழிக்கவோ மேலே வேறு படம் போடவோ உதவி கிடைக்கிறது, கேளுங்கள். வேலை கேட்கும் இடத்தில் பழைய கதையை எப்போது, எவ்வளவு சொல்வது என்று அவரே முடிவெடுக்கட்டும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது வெள்ளி, சனி இரவுகள்தான். பகலில் வேலை இருக்கிறது, ஆலோசகர் இருக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு வெறும் அறையில் பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும்போது பழைய நண்பனின் எண்தான் மனப்பாடமாக நினைவுக்கு வரும். அந்த நேரத்துக்கு ஆள் வேண்டும். கால்பந்து, மீன்பிடிப்பு, சமையல், எதுவாக இருந்தாலும் சரி, கொள்கை பேசாத, அவரை 'முன்னாள் நாஜி' என்று பார்க்காத இரண்டு மூன்று பேர் போதும். பழைய நண்பனைக் கூப்பிட்டுவிட்டேன் என்று என்றைக்காவது வந்து சொன்னால் உறவை முறிக்காதீர்கள், அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பள்ளிக்கூட மேடைகளுக்கு அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். மாணவர்களுக்கு அது பயன்படலாம், ஆனால் வெளியே வந்து சில மாதமே ஆனவருக்குக் கைதட்டல் கிடைத்தால், யோசிக்க வேண்டிய காலத்தில் அதே கதையை அழகாகச் சொல்லப் பழகிவிடுவார்.

இந்தக் கும்பல்களிடம் அடி வாங்கியவர்கள் மன்னிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல. அந்த நாடுகளில் வாழும் நம்மவர் ஒருவருக்கு, பக்கத்தில் நின்று வேலை செய்பவர் முன்பு யாராக இருந்தார் என்று தெரியவந்தால், ஒதுங்கி நிற்க அவருக்கு முழு உரிமை உண்டு. நல்லிணக்கம் என்ற பேரில் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்காதீர்கள். குற்றம் செய்திருந்தால் வழக்கைச் சந்திக்கத்தான் வேண்டும். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரிலும் இதே நடைமுறைதான்: உள்நாட்டுப் போர் நடந்த சிரியாவுக்குப் போய்த் திரும்பிய இளைஞர்களில் குற்றத்துக்கு ஆதாரம் இருந்தவர்கள்மேல் வழக்கு, மற்றவர்களுக்குப் போலீஸும் நகராட்சியும் சேர்ந்து துணையாளரையும் படிப்புக்கான உதவியையும் ஏற்பாடு செய்தன.

இது வருடக்கணக்கில் போகும், நீங்களும் களைத்துப் போவீர்கள். ஜெர்மனியின் 16 மாநிலங்களிலும் தீவிர வலதுசாரிகளால் பாதிக்கப்பட்ட இடங்களுக்கே வந்து ஆலோசனை தரும் குழுக்கள் இருக்கின்றன, பெற்றோரும் கேட்கலாம், கட்டணம் கிடையாது, சொல்வதை வெளியே விட மாட்டார்கள். அவர் வர மறுத்தாலும் பரவாயில்லை, நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள்.