அரிவாள் செல் கோளாறைத் திரையில் பார்ப்பது எப்படி: கைமெராஎக்ஸில் ஒரு மாலை

புரதத்தைத் திரையில் திறந்ததும் பெரும்பாலானவர்கள் ராட்டினம் போல நாலு சுற்று சுற்றிவிட்டு, கலர் மாற்றிவிட்டு, மூடிவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அதைத்தான் செய்தேன். கையில் ஒரு கேள்வி இருந்தால்தான் ஏதாவது பிடிபடும். நம் கேள்வி இதுதான்: ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் சிவப்பணு ஏன் அரிவாளாக வளைகிறது? நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மாற்றமுள்ள மரபணு இருப்பது 1952லேயே பதிவான விஷயம்.

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் நிரலான கைமெராஎக்ஸ் படிப்புக்கும் வணிகமில்லாத ஆய்வுக்கும் இலவசம். நிறுவிவிட்டு, அடியில் உள்ள கட்டளை வரியில் ‘ஓபன் 4எச்எச்பி’ என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். புரதத் தரவு வங்கியிலிருந்து இயல்பான ஹீமோகுளோபின் இறங்கும். ஏ, சி ஆல்ஃபா சங்கிலிகள். பி, டி பீட்டா. இடது பொத்தானால் இழுத்தால் சுழலும், சக்கரத்தை உருட்டினால் கிட்டே வரும்.

அடுத்து ‘செலக்ட் /பி:6’. பீட்டா சங்கிலியின் ஆறாவது இடம், குளுட்டாமேட். ஆக்‌ஷன்ஸ் மெனுவில் அணுக்களைக் காட்டச் சொன்னால் அதன் பக்கச் சங்கிலி வெளிப்பக்கமாகத் தண்ணீரை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். எதிர் மின்சுமை உள்ளது, அதனால் தண்ணீரோடு ஒத்துப்போகிறது.

இங்கே பலர் இடறுவார்கள். கணினி கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்டு மாதிரியைத் திறந்தால் இதே அமினோ அமிலம் ஏழாவது இடத்தில் இருக்கும், ஏனென்றால் அதில் உதிர்ந்துபோகும் முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஒரு முறை எண்ணைச் சரிபார்க்காமல் பக்கத்து அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

சரி, இப்போது மாற்றலாம். அரிவாள் செல் கோளாறில் குளுட்டாமேட் இருந்த இடத்தில் வருவது வேலின். அந்த குளுட்டாமேட் தேர்வில் இருக்கும்போதே டூல்ஸ் மெனுவில் ஸ்ட்ரக்சர் எடிட்டிங், அதில் ரோட்டமர்ஸ், வகை வேலின். பக்கச் சங்கிலி எந்தெந்தத் திசையில் நிற்கலாம் என்று நிகழ்தகவோடு பட்டியல் வரும். அதிகம் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை! மூலக்கூறு அப்படியே நிற்கும். நிரல் அந்த ஒரு பக்கச் சங்கிலியை மட்டும்தான் மாற்றுகிறது, மற்றதை அசைப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் நிஜத்திலும் இந்த மாற்றத்தால் ஹீமோகுளோபினின் மடிப்பு பெரிதாகக் குலைவதில்லை. கோளாறு ஒரு மூலக்கூறுக்குள் இல்லை, இரண்டுக்கு நடுவில் இருக்கிறது.

ஆகவே ‘க்ளோஸ்’ அடித்துவிட்டு 2எச்பிஎஸ் திறங்கள். இது நோயாளிகளிடம் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜன் இல்லாத நிலையில், இரண்டு மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில். பீட்டா சங்கிலிகளான பி, டி, எஃப், எச் நான்கிலும் ஆறாம் எண்ணைத் தேடி அணுக்களைக் காட்டுங்கள். அவற்றில் ஒன்று மட்டும் அடுத்த மூலக்கூறின் மேல் போய்ச் சொருகிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்து பீட்டா சங்கிலியில் 85ஆம் ஃபினைல்அலனினையும் 88ஆம் லியூசினையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டுமே தண்ணீருக்கு ஆகாதவை, வேலினும் அதே ரகம். மேலே உள்ள பட்டையில் ஹைட்ரோஃபோபிக் பொத்தானைத் தட்டினால் மேற்பரப்பில் வேலின் சொருகும் குழி மஞ்சள் பழுப்பாகத் தெரியும். தண்ணீரை விரும்பும் இடங்கள் நீலப்பச்சை.

இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போய்த்தான் நீண்ட இழை உண்டாகி, செல்லை உள்ளிருந்து தள்ளி வளைக்கிறது. ஆக்சிஜன் ஏறிய வடிவத்தில் அந்தக் குழி வேலினுக்கு வாகாக அமைவதில்லை, அதனால்தான் ஆக்சிஜன் குறையும்போது பாதிப்பு.

குழி நன்றாகத் தெரியும் கோணம் கிடைத்ததும் படத்தை மட்டும் எடுக்காமல், திரையில் உள்ளதை அப்படியே மறுபடி திறக்க செஷனாகவும் சேமியுங்கள், அந்தக் கோணத்தை மறுபடி பிடிப்பது பெரிய பாடு.