இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை நடக்கும் கர்ப்பிணிப் பரிசோதனைக்கு, ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு வரும் பெண்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு, தாய்வீடு, ஆளுக்கொரு பக்குவம் என்று ஊரே கூடுகிறது; இரண்டாவது என்றால் ‘உனக்குத் தெரியாததா?’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால், வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கர்ப்பமாக இருப்பது அந்தப் பெண்ணுக்கும் புதிது. செவிலியராக அவர்களிடம் நான் சொல்பவற்றில் பாதி, எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் நடந்தவைதான். கனமானதைத் தூக்காதே, வழுக்கும் தரையில் ஓடாதே என்பன போன்ற, எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரே இரவில் பால் மறக்கடிப்பது

கர்ப்பம் உறுதியான உடனேயே மூத்த பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லாத வீடு அரிது. வயிற்றில் இருப்பதற்குச் சேர வேண்டிய சத்தை மூத்தது உறிஞ்சிவிடும் என்பார்கள். கர்ப்பிணியின் பால் கெட்ட பால், குடித்தால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரும், உடம்பு தேறாது என்பார்கள். இரண்டுமே சரியல்ல. கர்ப்பம் சிக்கலின்றி இருந்து, தாயும் வயிறார உண்டுவந்தால், மூத்த பிள்ளை பால் குடிப்பதால் கருவுக்குக் கேடு வருவதில்லை. 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிள்ளை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பது உண்மை. ஆகவே உதிரப்போக்கு இருப்பவர்கள், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், இரட்டைக் கருவைச் சுமப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போடப்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அப்படி ஓர் அவசரம் இல்லை.

பெரும்பாலும் 4, 5 மாதங்களில் பால் தானாகவே குறைந்து, பிறகு சீம்பாலாக மாறத் தொடங்கும். சுவை மாறுவதால் பல பிள்ளைகள் தாமாகவே விலகிக்கொள்ளும். சீம்பால் முழுவதையும் மூத்ததே குடித்துத் தீர்த்துவிடுமே என்றும் அஞ்ச வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பின்னும் அது சுரக்கும், பிறந்த குழந்தைக்கு முதலில் கொடுத்துவிட்டால் போதும். இயற்கை இவ்வளவு நிதானமாகச் செய்து முடிக்கும் ஒரு வேலையை, வேப்பெண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு ஒரே இரவில் முடிக்கக் கிளம்புகிறார்களே என்பதுதான் எனக்கு இன்றும் தீராத எரிச்சல்.

மார்பு இரண்டும் கல்லாக இறுகி, காய்ச்சலோடு வந்த இளம்பெண் ஒருத்திக்கு அப்போது நான்காம் மாதம். மூன்று நாள்களுக்கு முன்பு அவள் மாமியார் அவளுடைய காம்பில் வேப்பெண்ணெய் தடவியிருக்கிறார். ஒன்றரை வயது மகன் வாயை வைத்ததும் கசப்பில் முகத்தைச் சுளித்திருக்கிறான். பிறகு அவள் முந்தானையைத் தன் கையாலேயே இழுத்து, அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, மறுபடியும் வாயை வைத்துப் பார்த்திருக்கிறான். இரண்டாவது முறையும் கசக்கவே, அழாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் எழவில்லை. கூட வந்த மாமியாரோ, ‘அத்தோடு மறந்துவிட்டான், பாருங்கள்’ என்று பெருமையாகச் சொன்னார். அவன் மறந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இரவில் நான்கைந்து முறை விழித்து அழுகிறான், சோற்றையும் தள்ளிவிடுகிறான் என்பது அடுத்த கேள்வியிலேயே தெரிந்தது. சுரந்த பால் வெளியேறாமல் கட்டிக்கொண்டதால்தான் தாய்க்குக் காய்ச்சல். அம்மாச்சி வீட்டுக்குப் பிள்ளையை ஒரு வாரம் அனுப்பி மறக்கடிப்பதும் இதே கதைதான். அங்கே பாலோடு சேர்த்துத் தாயையும் பறித்துவிடுகிறோம்.

நிறுத்தத்தான் வேண்டும் என்றால் வாரக் கணக்கில் நிறுத்துங்கள். பகலில், பிள்ளை அதிகம் தேடாத வேளையின் பாலை முதலில் விட்டுவிட்டு, அந்த நேரத்தில் சோறோ பழமோ கொடுத்து வெளியே அழைத்துச் செல்லலாம். சில நாள்கள் கழித்து அடுத்த வேளையை விடலாம். தூங்கப்போகும்போது குடிக்கும் பாலைக் கடைசியாக விட வேண்டும். அந்த நாள்களில் தூங்கவைக்கும் பொறுப்பைத் தகப்பன் ஏற்பது நல்லது. இடையில் பால் கட்டினால், வலி அடங்கும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிடலாம். பிரசவத்துக்குச் சில வாரமே இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம். தன்னிடமிருந்து பிடுங்கியதைத்தான் புதிதாக வந்ததற்குக் கொடுக்கிறார்கள் என்று கணக்குப்போடும் அளவுக்கு இரண்டு வயதுப் பிள்ளைக்கு அறிவு உண்டு.

மூத்ததற்கு இன்னும் ஒரு வயதே நிரம்பவில்லை என்றால், நிறுத்துவது மட்டுமல்ல, பால் தானாகக் குறைவதும் கவலைக்குரியது; மாற்றாக எதைக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளை என்றால், தாய்ப்பாலை நிறுத்திய குற்ற உணர்வில் பாட்டில் பாட்டிலாகப் பசும்பாலைப் புகட்டுகிறார்கள். பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. வயிறு அதனாலேயே நிறைந்துவிடுவதால் பிள்ளை சோறு தின்னாது, சில மாதங்களில் முகம் வெளுத்துப்போகும்.

மாத்திரை அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது

கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் தரும் இரும்புச் சத்து மாத்திரை சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு இருக்கும். நாளுக்கு ஒன்றாக 180 நாள்கள் விழுங்க வேண்டும். வீட்டில் மாதக் கணக்கில் இருக்கப்போகும் இந்த அட்டையைத் தலையணைக்கு அடியிலும் கைப்பையிலும் வைக்கிறார்கள். தாய்க்கு மருந்தான அது, பிள்ளை கைநிறைய விழுங்கினால் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு. முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். பிறகு சில மணி நேரம் தெளிந்ததுபோலத் தோன்றும், அந்தத் தெளிவை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மீதி அட்டையோடு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாத்திரைக்கு உரிய இடம் பூட்டும் அலமாரியின் மேல்தட்டு.

பிள்ளையின் மிச்சத்தைத் தின்பது

சோற்றை வீணாக்க மனம் வராமல், பிள்ளை பாதி தின்று வைத்ததைத் தாய் தின்று முடிப்பது நம் வீடுகளில் இயல்பு. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ வைரஸ் என்ற கிருமி அடிக்கடி இருக்கும். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல்கூட இராது, ஆனால் கருவுக்குத் தொற்றினால் அந்தக் குழந்தையின் செவித்திறன் கெடக்கூடும். இந்த மாதங்களில் மட்டுமாவது தட்டும் தம்ளரும் தனித்தனியாக இருக்கட்டும். உதட்டில் முத்தமிடாமல் உச்சியில் கொடுக்கலாம். மூக்கைச் சிந்திவிட்டாலும் ஜட்டி மாற்றினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

‘பாப்பா வந்தால் உன்னை யார் பார்ப்பார்கள்?’

கேலிக்குக்கூடச் சொல்லக் கூடாது, சொல்கிற உறவினர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எட்டாம் மாதத்தில் மூத்ததைப் பள்ளியில் சேர்ப்பது

ஒன்று முன்பே சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிரசவமாகிச் சில மாதம் போகட்டும்.

பழைய கர்ப்பிணி அட்டையைத் தேடாமல் வருவது

முந்தைய கர்ப்பத்தில் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டு, 3 ஆண்டுக்குள் மீண்டும் கருவுற்றிருந்தால், இப்போது ஒரே ஓர் ஊக்கத் தவணை போதும். அதைத் தீர்மானிக்க அட்டை வேண்டும். அதைவிட முக்கியம், போன பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறியதா, அறுவைச் சிகிச்சை ஏன் நடந்தது என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். ‘ஏதோ குழந்தை திரும்பிக்கிடந்ததாம்’ என்ற பதிலை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பிரசவ இரவுக்கு ஆள் பேசி வைக்காதது

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட விரைவாக முடியும். நள்ளிரவில் வலி எடுத்து, 108 வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, தூங்கும் பிள்ளையை யாரிடம் விடுவது என்று கணவனும் மனைவியும் தடுமாறி நேரத்தைக் கழிக்கிறார்கள். கடைசியில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டே வந்துவிடுவதும் உண்டு. நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவரையும், அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவரையும் ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்துவிட வேண்டும். பிள்ளை அவரோடு முன்பே ஓரிரு இரவுகள் தூங்கிப் பழகியிருக்க வேண்டும். எந்தப் போர்வை இல்லாமல் தூங்காது, விழித்தால் என்ன கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுச் சாவி ஒன்றையும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.